சங்ககிரி: கோட்டைக்கு வெளியே ஒரு வரலாறு



வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் சங்ககிரியின் வரலாறு பற்றிப் பேசப் பணித்துள்ளீர்கள். சங்ககிரி என்றதும் நம் நினைவிற்கு வருவது கோட்டை. அடுத்துத் தீரன் சின்னமலை. 1805 சூலை 31ஆம் நாள் அம்மாவீரர் தம் உடன்பிறந்தாருடன் இங்குத் தூக்கிலிடப்பெற்றார். ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கன்று மக்கள் திரண்டு அஞ்சலி செலுத்துவது முறையே. ஆயினும் ஓர் ஊரின் வரலாறு ஒரே நாளில் முடிந்துவிடுமா? அதன்பின் இவ்வூரார் எதனால் வாழ்ந்தனர் என வகுப்பில் வினவினால் மாணவர் வாளாவிருக்கின்றனர். அவ்வமைதியே என்னைப் பேசத் தூண்டியது.

சங்கு வடிவக் குன்றாதலின் சங்ககிரி என்பர். விசயநகர காலத்ததாகக் கூறப்பெறும் கோட்டை, பின்னர் மைசூர் ஆட்சியில் திப்புசுல்தானின் படைத்தளமாயிற்று. அடுக்கடுக்கான மதில்களினிடையே பெருமாள் கோயிலும் பள்ளிவாசலும் ஒரே மலையில் நிற்கின்றன. 1792 சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் சேலம் பகுதி கும்பினியார் வசமாயிற்று. அலெக்சாண்டர் ரீடும் அவர்தம் உதவியாளர் தாமசு மன்றோவும் நிலங்களை அளந்து, உழவரிடம் நேரே வரி பெறும் முறையைப் பாராமகாலிலும் சேலத்திலும் வகுத்தனர். வாளால் பெற்ற நாட்டை அளவுச் சங்கிலியால் பிணித்தனர் எனலாம்.

அதன்பின் ஊரை வளர்த்தது வழியே. 1862இல் சென்னையை மேலைக் கடற்கரையின் பேப்பூருடன் இணைத்த இருப்புப்பாதை இவ்வழியே சென்றது. 1960களில் சுண்ணாம்புக்கல் வளத்தை நம்பிச் சிமெண்டு ஆலை எழுந்தது. சேலம்–கொச்சி நெடுஞ்சாலையில் லாரித் தொழில் தழைத்தது. மழை குறைந்த மேட்டுநிலத்து உழவர் மக்கள் பலர் ஏரை விட்டு லாரியின் சக்கரத்தைப் பற்றினர்.

மதில்களைக் காக்கத் தொல்லியல் துறை உண்டு. கல்லுடைத்தவர்க்கும் வண்டியோட்டியவர்க்கும் எவர் உளர்? சரக்கேற்றி வடநாடு சென்ற கணவன் எவ்வூரில் உள்ளான் என்றறியாது, பிள்ளைகளையும் கறவை மாட்டையும் தனியே பேணி நாள் எண்ணிய பெண்டிரின் வாழ்வு எந்த ஆவணத்திலும் இல்லை. அவர்களுள் மூத்தோர் ஒவ்வொருவராய் மறைந்து வருகின்றனர். ஒருவர் மறையும்போது, எழுதப்படாத ஏடொன்று எரிகின்றது.

அமெரிக்க நாட்டில் இருப்புப்பாதையால் பிறந்த சிற்றூர்கள் பல. அவற்றுள் பலவும் ஊர் வரலாற்றுக் கழகம் அமைத்து, பழைய மடல்களையும் நிழற்படங்களையும் முதியோர் நினைவுகளையும் தொகுத்து வைத்துள்ளன. நூறாண்டு வரலாற்றை அவர்கள் அவ்வாறு போற்றுகையில், பன்னூறாண்டுப் பழமையுடைய நாம் வாளாவிருத்தல் தகுமோ?

ஆதலின் ஒரு வேண்டுகோள். பத்தாண்டு கவிதையும் கட்டுரையும் வளர்த்த இவ்வட்டம், பதினோராம் ஆண்டில் ஊர்தோறும் முதியோரிடம் அமர்ந்து கேட்டு எழுதும் பணியை மேற்கொள்ளல் வேண்டும். மாணவரை நான் அழைத்து வருகின்றேன். முதல் வினாவை அவரவர் பாட்டியாரிடமே தொடங்கட்டும்.