வாவிக்கரை விருந்து



மட்டக்களப்புக்குப் போனவரைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று பிற ஊரார் சொல்வதுண்டு. அலுவலாக இங்கு வந்தவருள் பலர் இங்கேயே மணஞ்செய்து, வீடு கட்டி, சொந்த ஊரை மறந்து வாழ்ந்தமையால் எழுந்த பேச்சு இது. மந்திரம் என்றும் மருந்து என்றும் அதற்குக் காரணம் கற்பிப்பர். அறுபது ஆண்டுகளாக இவ்வூரில் வாழும் நான் அந்த மந்திரத்தைக் கண்டதில்லை, பாயைக் கண்டிருக்கிறேன். வந்தவரை அதில் இருத்தி, வட்டாவில் வெற்றிலையை முன்வைத்து, "இருங்க மனே, சோறு தின்னுட்டுப் போகலாம்" என்பாள் வீட்டுக்குரியவள். 'மகனே' என்பதே எங்கள் பேச்சில் 'மனே' ஆகிறது. செந்நெற் சோறும் மீன் ஆணமும் கட்டித் தயிரும் உண்டவர் உடனே எழுந்து போவது எங்ஙனம்? ஒட்டவைப்பது உணவேயன்றி வேறில்லை.

ஆகவே, இவ்வூரைப் பார்க்க வருவோருக்கு வழி சொல்ல முற்படும்போது கட்டடங்களின் அட்டவணையை நான் முதலில் நீட்டுவதில்லை. உண்ணும் பொருள்கள் எங்கிருந்து வருகின்றன என்று கேட்டுக்கொண்டு செல்லுங்கள் என்பேன். அவ்வழியே சென்றால் ஊர் முழுவதும் தானே கண்ணிற்படும்.

மட்டமான களப்பு, அதாவது ஆழங்குறைந்த உப்பங்கழி, மட்டக்களப்பு ஆயிற்று என்பர். வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இவ்வாவியே எங்கள் திசைகாட்டி. அதற்குக் கிழக்கே கடலுக்கும் வாவிக்கும் இடையிலுள்ள நிலம் ஞாயிறு எழுகின்ற எழுவான்கரை. மேற்கே வயலும் குளமும் காடுமாக விரிந்த நிலம் ஞாயிறு படுகின்ற படுவான்கரை. எழுவான்கரை மீனும் தேங்காயும் தருகிறது. படுவான்கரை நெல்லும் பாலும் தருகிறது. இரண்டும் வந்து கூடுமிடம் வாவி சூழ்ந்த புளியந்தீவு. அதுவே பழைய நகரம். இங்கு ஒருவன் உண்ணும் ஒரு வேளைச் சோற்றில் இரு கரைகளும் கலந்திருக்கின்றன. இவ்வொன்றை மனத்திற்கொண்டால் மற்றவை யாவும் எளிதில் விளங்கும்.

வைகறையில் கல்லடிப் பாலத்திலே தொடங்குங்கள். ஆங்கில ஆள்பதி மனிங்கின் மனைவியார் பெயரால் 1924 இல் திறக்கப்பட்ட இரும்புப் பாலம் அது. 2013 இல் அதன் பக்கத்திலே புதிய பாலம் எழுந்தது; வண்டிகளின் பெருஞ்சுமை அப்பாலத்துக்கு மாறிற்று. பழைய பாலத்தின் மீது நின்று கீழே நோக்கினால், இரவெல்லாம் வலையிட்டவர் தோணியில் திரும்புவதைக் காணலாம். மணலை, திரளி, ஓரா, கெளிறு, இறால், நண்டு என்று பருவத்துக்கேற்றவாறு கூடை நிறையும். வாவி மீனுக்கும் கடல் மீனுக்கும் சுவை வேறு. விற்பவரிடம் 'ஆற்று மீனா, கடல் மீனா' என்று கேட்டு வாங்குதல் எங்கள் வழக்கம். வாவியை ஆறு என்றே பேச்சில் சொல்கிறோம். செவுள் சிவந்து, கண் பளிச்சிட்டு, விரலால் அழுத்திய இடம் குழியாது நின்றால் அது காலை மீன். வாவி இறாலைப் பாலாணமாகவும், நண்டை முருங்கையிலை இட்டும் சமைக்கச் சொல்லுங்கள். கறி என்று பிறர் கூறுவதை இங்கே தமிழரும் முஸ்லிம்களும் ஆணம் என்பார்கள்.

காலை உணவு பிட்டு. சிவப்பரிசி மாவை வறுத்து, நீர் தெளித்துக் குழைத்து, சிறு மணிகளாக்கி, குழலுள்ளே ஒரு பிடி மாவும் ஒரு பிடி தேங்காய்ப்பூவுமாக மாற்றி மாற்றி இட்டு ஆவியிலே அவிப்பர். தயிரும் வாழைப்பழமும் சர்க்கரையும் சேர்த்து உண்போரும் உளர். மீன் ஆணத்தோடு உண்போரும் உளர். காத்தான்குடிப் பக்கம் சென்றால் பிட்டின் மென்மையை உணரலாம். அங்கே தொதலும் மஸ்கெட்டும் வாங்காமல் திரும்பாதீர்கள்.

இப்பிட்டு எங்களுக்கு உணவு மட்டுமன்று, ஓர் உவமையுமாகும். தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல வாழ்கிறார்கள் என்பது கிழக்கிலங்கை வழக்கு. பாலத்தைக் கடந்து தெற்கே செல்லுங்கள். கல்லடியும் நாவற்குடாவும் தமிழ் ஊர்கள். அடுத்தது காத்தான்குடி, முஸ்லிம் ஊர். அடுத்து ஆரையம்பதி, தமிழ் ஊர். இன்னுந் தெற்கே மருதமுனை, பாண்டிருப்பு, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று மாறி மாறி வருவதைக் காண்பீர்கள். குழலுக்குள் இருக்கும் அடுக்கு அப்படியே கரையோரத்தில் கிடக்கிறது. ஒன்று மற்றொன்றாகிவிடவில்லை, ஒன்றின்றி மற்றொன்றுக்குச் சுவையும் இல்லை.

இவ்வுவமை கடுஞ்சோதனைக்கு உள்ளானதையும் மறைத்தல் தகாது. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் கொல்லப்பட்டனர். அடுத்த மாதம் சத்துருக்கொண்டானில் தமிழ்க் கிராமத்தவர் குழந்தைகளோடும் கொல்லப்பட்டனர். 2019 இல் உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்துச் சிறுவர் பலர் மடிந்தனர். அவ்வக் காலங்களில் ஓரூரார் மற்றோரூர்க் கடைவாசலை மிதிக்க அஞ்சினர். மீன் ஒரு பக்கம் கெட்டது. நெல் மறுபக்கம் கிடந்தது. உணவு ஊர்விட்டு ஊர் போகாதபோது இரு சாராரும் பசித்தார்கள். மீண்டும் ஒருவரையொருவர் நாடச் செய்தவற்றுள் சந்தையும் ஒன்று. சொற்பொழிவுகள் செய்யாததை ஒரு கட்டுக் கீரையும் ஒரு கூறு மீனும் செய்ததுண்டு. ஆதலால், இங்கே வருபவர் ஒரு வேளை தமிழர் கடையிலும் ஒரு வேளை முஸ்லிம் கடையிலும் உண்ண வேண்டும் என்பது என் விருப்பம்.

பிட்டு உண்டபின் புளியந்தீவைச் சுற்றலாம். நீரோரத்திலே நிற்கும் கோட்டையைப் போர்த்துக்கேயர் 1628 இல் எழுப்பினர். பத்தாண்டுகள் கழிந்து, 1638 மே மாதத்தில், கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனோடு கூடிய ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். இலங்கையில் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் பறித்த முதற் கோட்டை இதுவே. கொடிகள் மாறின, ஆயினும் போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொற்கள் எங்கள் அடுக்களையை விட்டு அகலவில்லை. அடுக்களையையே குசினி என்கிறோம். காலையில் பாண் வாங்குகிறோம். தேநீருடன் விசுக்கோத்து உண்கிறோம். இச்சொற்கள் யாவும் அவர்கள் மொழியினின்றும் வந்தவை. போர்த்துக்கேயக் கலப்பு மொழியை வீட்டில் பேசும் பறங்கியர் குடும்பங்கள் இன்றும் இந்நகரில் உள்ளன. கோட்டையிலிருந்து சிறிது தொலைவில் மெதடிஸ்த மத்திய கல்லூரி இருக்கிறது. 1814 இல் இங்கு வந்த வில்லியம் ஓல்ற் பாதிரியார் தொடங்கிய கல்விப் பணியின் வழிவந்தது அது. அவர் வந்த மறு ஆண்டே மறைந்தார். அவர் இட்ட வித்து இருநூறு ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது.

நண்பகலுக்குள் படுவான்கரைக்குச் சென்றுவிடுங்கள். முற்காலத்தில் அங்கே போவதற்குத் துறையில் காத்திருக்க வேண்டும். வண்டியையும் ஆளையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவையை இங்கே 'பாதை' என்போம். நீரின் மேல் அதுதான் வழி. போர்க்காலத்தில் நகரம் ஒருவர் ஆட்சியிலும் படுவான்கரையின் பெரும்பகுதி மற்றொருவர் பிடியிலும் இருந்தன. 2007 வரை துறை என்பது சோதனைச்சாவடியாகவும் இருந்தது. நோயாளியும் நெல்மூடையும் ஒரே வரிசையில் காத்துக்கிடந்த காலம் அது. 2014 இல் யப்பானிய உதவியுடன் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது. பிறவூரார்க்கு அது ஒரு பாலம். எங்களுக்கோ இரு கரைகளின் சோறும் கறியும் மீண்டும் ஒரே இலைக்கு வந்த நாள்.

பாலத்தைக் கடந்தால் கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரர் ஆலயம் வரும். வழிபட்டுவிட்டு வயலோரமாகச் செல்லுங்கள். பெரும்போகம் முற்றும் காலமாயின், மாசி, பங்குனி மாதங்களில், கதிரறுப்பைக் காணலாம். மதியச் சோற்றுக்கு மீன் புளியாணம், கூனி இறால் சுண்டல், கீரை, தேங்காய்ச் சம்பல் ஆகியவை போதும். இறுதியிலே தயிர் வரும். எருமைப் பாலைக் காய்ச்சி, மட்சட்டியில் ஊற்றி உறையவிட்ட தயிர் அது. சட்டியின் மண் நீரை உறிஞ்சிக்கொள்வதால் தயிர் இறுகும். சட்டியைச் சற்றே சாய்த்துப் பாருங்கள். தயிர் அசையாதிருந்தால் நல்லது. அதனைக் கலக்காமல் ஏடாக அகழ்ந்து எடுத்தல் வேண்டும்.

அத்தயிரின் பின்னே புல் இருக்கிறது என்பதையும் எண்ணுங்கள். வயல் விளைந்து நிற்கும் மாதங்களில் மாடுகளை எல்லைப்புற மேய்ச்சற்றரைகளுக்கு ஓட்டிச் செல்வர். மயிலத்தமடு, மாதவனை ஆகிய மேய்ச்சற்றரைகள் பயிர்செய்வோரால் சுருங்கிவருகின்றன என்று முறையிட்டுப் பண்ணையாளர் 2023 செப்டெம்பரில் தொடர் போராட்டம் தொடங்கினர். மேய்ச்சல் நிலம் குன்றினால் பட்டி குன்றும். பட்டி குன்றினால் வீதியோரத்துத் தயிர்ச்சட்டி மறையும். விருந்தினர் இதனை அறிந்து உண்பது நன்று.

பிற்பகலில் பாலமீன்மடுவுக்கு வாருங்கள். 1913 இல் கட்டிய வெளிச்சவீடு அங்கே நிற்கிறது. அதன் அருகே வாவி கடலைத் தொடும் முகத்துவாரம். கோடையில் கடல் மணலைக் குவித்து அவ்வாயை அடைக்கும். மாரியில் மேற்கிலிருந்து வெள்ளம் இறங்கி வாவி பெருகும்போது, படுவான்கரை வயல்கள் நீரில் மூழ்கும். அப்போது மணற்றிடலை வெட்டி வெள்ளத்தைக் கடலுக்கு விடுவர். எப்போது வெட்டுவது என்பதே கேள்வி. உழவன் விரைவில் வெட்டுக என்பான். பயிர் அழுகுகிறதே என்பது அவன் கவலை. வலைஞன் பொறுங்கள் என்பான். நீர் ஒருங்கே வடிந்தால் மீனும் இறாற் குஞ்சும் அதனோடு போகுமே என்பது அவன் கவலை. இருவர் சொல்வதும் மெய். சோறு ஒருவனுடையது, ஆணம் மற்றவனுடையது. இலையில் இரண்டும் வேண்டுமாயின், இருவரையும் ஒரு திண்ணையில் இருத்திப் பேசுவதைவிட வேறு வழியில்லை. கரையோரக் கண்ணாக் காடுகளையும் காக்க வேண்டும். இறாலும் நண்டும் குஞ்சாக ஒதுங்கும் தொட்டில் அவ்வேர்கள். 2004 டிசெம்பர் 26 இல் ஆழிப்பேரலை நாவலடியையும் கல்லடிக் கரையையும் அழித்ததைக் கண்ட எங்களுக்கு, கரையைக் காத்தல் எத்துணை இன்றியமையாதது என்று எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

மாலையில் கல்லடி உப்போடைக்குச் செல்லுங்கள். 1929 இல் விபுலாநந்த அடிகளார் நிறுவிய சிவானந்த வித்தியாலயமும், 1947 இல் மறைந்த அவருடைய சமாதியும் அங்கே உள்ளன. பண்டைய யாழை ஆராய்ந்து யாழ்நூல் தந்த அப்பெருமகனார் இவ்வாவியின் இன்னொலியைக் கேட்டு வளர்ந்தவர். நிலவெறிக்கும் இரவில், காற்று அடங்கியபின், தோணியிலேறிப் பாலத்தருகே சென்று, துடுப்பின் ஒரு நுனியை நீருள்ளே விட்டு மறு நுனியைக் காதிலே பொருத்துங்கள். யாழ் நரம்பை மெல்லத் தடவினாற்போன்ற ஒலி எழும். பாடும் மீன் என்று உலகம் அதனைச் சொல்கிறது. ஊரி என்னும் சிப்பியினமே பாடுகிறது என்பது வலைஞர் சொல். எமர்சன் ரெனன்ற் 1848 இல் அதனைக் கேட்டு, 1859 இல் வெளிவந்த தம் நூலில் விரித்துரைத்தார். பிற்காலத்தில் இங்கு பணிபுரிந்த இயேசு சபைக் குரவர் லாங் அடிகளார் அதனைப் பதிவுசெய்தார். அப்பதிவு இலங்கை வானொலியிலும் ஒலித்தது. நகர் பெருகி இயந்திரங்களின் இரைச்சல் மிகுந்துவரும் இந்நாளில் அதனைக் கேட்டல் அரிதாகிறது. நீர் தூயதாக இருந்து, கரை சற்று அமைதியாகவும் இருந்தால்தான் அப்பாட்டு கேட்கும்.

வருவோர்க்குச் சில சொல்லி முடிக்கிறேன். சித்திரை முதல் ஆவணி வரை வருவது நன்று. மாரியில் வழிகள் மூழ்கக்கூடும். ஆடி அமாவாசையில் வந்தால் அமிர்தகழி மாமாங்கேசுவரர் தீர்த்தத்தைக் காணலாம். வைகாசியில் வந்தால் ஊர்தோறும் கண்ணகியம்மன் சடங்கைக் காணலாம். நாள் ஒன்று போதும் என்று கணக்கிட்டு வராதீர்கள். ஒரு கரைக்கு ஒரு நாளாவது வேண்டும். வீட்டிற்கு அழைத்தால் மறுக்காதீர்கள். போகும்போது ஒரு சட்டித் தயிர் வாங்கிச் செல்லுங்கள்; அதனை வாங்கும் இடத்தில் விலையை மட்டும் கேளாது, அது எந்தக் கரையிலிருந்து வந்தது என்றும் கேளுங்கள். கேட்பவருக்கு எங்கள் ஊர் தன் கதையைச் சொல்லும்.