பிழை திருத்தலும் மின் சிக்கனமும்

பெங்களூர் ஜோகுபாளையத்து நம்மவர் ஒருவர், இரவில் ஊரிலுள்ள அன்னையை அலைபேசியில் முகம் பார்த்துப் பேசுகிறார். அந்த முகமும் குரலும் 0, 1 என்னும் இலக்கங்களாகவே வருகின்றன. வழியில் இரைச்சல் சிலவற்றைப் புரட்டிவிடுகிறது. அதற்காகவே சரிபார்ப்பு இலக்கங்களும் உடன் அனுப்பப்படுகின்றன. அமெரிக்க அறிஞர் ராபர்ட் கல்லகர் 1960-களின் தொடக்கத்தில் வகுத்த முறையின் வழிவந்ததே இன்று 5ஜி தரவுகளைக் காப்பது.

பெறும் கருவி ஒவ்வோர் இலக்கத்தையும் ஊகித்து, சரிபார்ப்புகளோடு ஒப்பிட்டு, சுற்றுச் சுற்றாகத் திருத்துகிறது. ஒவ்வொரு சுற்றிலும் எண்களை நினைவகத்திலிருந்து எடுத்து மீண்டும் வைக்க வேண்டும். திருத்தத்திற்கு ஆகும் மின்சாரத்தில் கணிசமான பங்கு இந்தப் போக்குவரத்திலேயே கரைகிறது.

சிக்கனம் எங்ஙனம்? பேரேடு நேரான பின்னும் கடைக்காரர் கூட்டிக்கொண்டே இருப்பாரா? எல்லாச் சரிபார்ப்புகளும் பொருந்திய சுற்றிலேயே கருவி நின்றுவிடுமாறு அமைக்கிறார்கள். எண்களைத் தேவைக்குமேல் நுணுக்கமாகக் குறிக்காமல் சுருக்கி வைப்பதும் உண்டு. கடினமானது வேறு: அலை மிக நலிந்தபோது எத்தனை சுற்றாயினும் கணக்கு நேராகாது. அதனை முன்னரே உணர்ந்து, மறுபடி அனுப்புமாறு கேட்பதே நம் கருத்தில் உண்மையான திறமை.

நம்மவர் உள்ளறையை விட்டு வாசலுக்கு வந்து, அலையும் தெளிவானால், சுற்றுகள் குறையும். மின்கலமும் சற்று நீடிக்கும்.