வேலை போனபின் மருத்துவக் காப்பு



ஐதராபாத் மாநகரின் வடகிழக்கே, செகந்திராபாத்துக்கு அப்பால், சைனிக்புரி என்றொரு குடியிருப்பு உண்டு. படையில் பணியாற்றி ஓய்வு பெற்றோர் வீடு கட்டிக் குடியேறிய இடமாதலின் அதற்கு அப்பெயர் அமைந்தது. அதனைச் சூழ்ந்துள்ள குஷாய்குடா, சர்லபள்ளி, நாச்சாரம் முதலிய பகுதிகளில் தொழிற்கூடங்கள் நிறைந்துள்ளன. பிழைப்பு நாடி வந்த தமிழ்க் குடும்பங்களும் இவ்வட்டாரத்தில் வாழ்கின்றன.

இங்கே ஒரு தெருவில் எதிரெதிரான இரு வீடுகளை எண்ணிப் பார்ப்போம். ஒரு வீட்டில் ஓய்வூதியம் பெறும் முன்னாள் படைவீரர் வசிக்கிறார். 2003 ஏப்ரல் 1-இல் தொடங்கிய முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டம் அவருக்கும் அவர் மனைவிக்கும் ஆயுள் உள்ளவரை துணை நிற்கிறது. எதிர் வீட்டில் தனியார் நிறுவனமொன்றில் பணி புரியும் தமிழன்பர் வசிக்கிறார். நிறுவனம் எடுத்துள்ள குழுக் காப்பீட்டில் அவரும், மனைவி மக்களும், சர்க்கரை நோயுள்ள தாயாரும் அடங்கியுள்ளனர். ஒரு நாள் ஆட்குறைப்புக் கடிதம் வருகிறது. சம்பளம் நின்றுவிடும் என்பது அவருக்கு உடனே விளங்கும். தாயாரின் மருத்துவக் காப்பும் அதனுடன் நின்றுவிடும் என்பதோ, ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும்போதுதான் பலருக்கும் தெரியவருகிறது.

இதற்குக் காரணம் எளியது. குழுக் காப்பீடு என்பது முதலாளிக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம். நாம் அதில் உறுப்பினர்கள் மட்டுமே. பணியைவிட்டு நீங்கினால் உறுப்பினர் நிலையும் நீங்கிவிடுகிறது. அமெரிக்க நாட்டில் 1986-இல் நிறைவேறிய 'கோப்ரா' என்னும் சட்டம், வேலையிழந்தவர் முழுப் பிரீமியத்தையும் தாமே செலுத்திப் பழைய குழுக் காப்பீட்டிலேயே பொதுவாக 18 மாதங்கள் வரை நீடிக்க வழி செய்தது. நம் நாட்டில் அத்தகைய உரிமை இல்லை. ஆயினும் வேறோர் உரிமை நமக்குண்டு. குழுவைவிட்டு நீங்கும் வேளையில், அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கோ குடும்பப் பாலிசிக்கோ மாறிக்கொள்ளலாம் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் விதித்துள்ளது. இவ்வுரிமை ஊழியருக்கு மட்டுமன்றி, அக்குழுவில் காப்புப் பெற்ற குடும்பத்தினருக்கும் உரியது.

புதிதாக ஒரு பாலிசி வாங்கினால் போதாதா என்று சிலர் வினவக்கூடும். இங்கேதான் நாம் கருத்தூன்ற வேண்டும். புதிய பாலிசியில், முன்பே இருந்துவரும் நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் என ஒன்று உண்டு. முன்னர் நான்கு ஆண்டுகள் வரை இருந்த அதன் உச்ச வரம்பு, 2024 ஏப்ரல் முதல் 36 மாதங்களாகக் குறைக்கப்பட்டது. நாம் கூறிய தாயாருக்குப் புதிய பாலிசி எடுத்தால், சர்க்கரை நோயால் வரும் செலவுக்கு மூன்று ஆண்டுகள் வரை பணம் கிடைக்காமற் போகலாம். அதே நிறுவனத்தின் பாலிசிக்கு மாறிக்கொண்டால், குழுவில் கழித்த ஆண்டுகள், அங்கிருந்த காப்புத் தொகையின் அளவுக்கு, கணக்கில் சேரும். ஆகவே வேலை போகும்போது நாம் காப்பாற்றிக்கொள்ள வேண்டியது, இதுவரை காத்திருந்த அந்தக் காலத்தையே ஆகும்.

ஆனால் கேளாமல் எவரும் இதைத் தாமாக முன்வந்து தருவதில்லை. ஆட்குறைப்புக் கடிதம் கைக்கு வந்ததும் அலுவலகத்தில் மூன்று விவரங்களை எழுத்து மூலம் கேட்டுப் பெற வேண்டும். காப்பீட்டு நிறுவனத்தின் பெயர், குழுப் பாலிசியின் எண், நாம் எந்நாள் முதல் எந்நாள் வரை எவ்வளவு தொகைக்குக் காப்புப் பெற்றோம் என்பதற்கான சான்று ஆகியவையே அவை. பிறகு, பணியின் இறுதி நாளுக்கு முன்பாகவே காப்பீட்டு நிறுவனத்துக்கு விண்ணப்பம் எழுதி, அதன் நகலைப் பத்திரப்படுத்த வேண்டும். நிறுவனம் நம் உடல்நிலையை ஆராய்ந்து பிரீமியத்தை நிர்ணயிக்கலாம் என்பதையும் மறத்தலாகாது. ஆதலின் உள்ள நோயை ஒளிக்காமல் எழுதுவதே நலம். தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கான ஜி.எஸ்.டி. வரி 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டிருப்பது, வருமானமற்ற வேளையில் ஓரளவு ஆறுதலாகும்.

தொழிற்கூடங்களில் குறைந்த சம்பளத்துக்கு உழைப்போரின் நிலை வேறு. அவர்களுக்கு இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீடு உள்ளது. 1952 பிப்ரவரி 24-இல் கான்பூரில் பிரதமர் நேரு அதனைத் தொடங்கி வைத்தார். அத்திட்டத்தில் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை செலுத்திய தொகைக்கு, அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பலன் காலம் என்று வகுத்துள்ளனர். எனவே செப்டம்பர் வரை உழைத்து அக்டோபரில் வேலையிழந்தவர், தமக்கு இனி ஒன்றுமில்லை என்று எண்ணி அட்டையை எறிந்துவிடலாகாது. நாச்சாரத்தில் இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. அட்டையுடன் சென்று தம் உரிமையைக் கேட்டறிதல் வேண்டும். எழுபது வயது நிறைந்த பெற்றோர் உடனிருந்தால் அவர்களுக்கும் ஒரு வழியுண்டு. 2024 அக்டோபர் முதல், வருமானம் எதுவாயினும், ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை மருத்துவ உதவி பெற அவர்கள் தகுதியுடையோராயினர்.

இனி, விண்ணப்பம் மறுக்கப்பட்டாலோ, நியாயமான கோரிக்கை தள்ளப்பட்டாலோ என் செய்வது? முதலில் காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்துள் விடை வராவிடினும், வந்த விடை மனநிறைவு தராவிடினும், காப்பீட்டுக் குறைதீர்ப்பாளராகிய ஆம்புட்ஸ்மனிடம் ஓராண்டுக்குள் முறையிடலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் வேண்டியதில்லை. வெளி மாநிலத்தில் வாழும் நாம் சிறப்பாக அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. பாலிசி சென்னையில் எடுக்கப்பட்டிருக்கலாம். நிறுவனத்தின் தலைமையகம் மும்பையில் இருக்கலாம். எனினும் நாம் குடியிருக்கும் பகுதிக்குரிய ஆம்புட்ஸ்மனிடமே முறையிட நமக்கு உரிமையுண்டு. சைனிக்புரியில் இருப்பவருக்கு ஐதராபாத்திலேயே அவ்வலுவலகம் உள்ளது. 2020 ஜூலை 20-இல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், நாம் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடர இடம் தந்துள்ளது.

காப்பீட்டு நிறுவனங்கள் அனைத்தையும் கண்காணிக்கும் ஆணையத்தின் தலைமையகமும் இதே ஐதராபாத்தில்தான் இருக்கிறது. அங்கே வகுக்கப்பட்ட விதி இந்நகரின் மறுகோடியில் வாழும் ஓர் ஊழியருக்குத் தெரியாமற் போனால், அவ்விதியினால் அவருக்கு யாது பயன்? பிறந்த மண்ணைவிட்டு வந்த நமக்கு இடுக்கண் வரும்போது, உறவினர் ஓடிவர ஓரிரவு ரயில் பயணம் வேண்டும். ஆதலின் அண்டை வீட்டுத் தமிழர் ஒருவர் வேலையிழந்தார் எனக் கேள்வியுற்றால், வேறு வேலை பற்றி விசாரிப்பதோடு, "காப்பீட்டுக்கு எழுதிவிட்டீர்களா?" என்றும் ஒரு வார்த்தை கேட்போமாக. அவ்வொரு வார்த்தை ஒரு தாயாரின் மருந்துச் செலவைக் காக்கக்கூடும்.