செமினாருக்கு முந்தைய இரவு



கல்லூரிப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் சொல், செமினார். "நாளைக்கு எனக்கு செமினார்" என்று சொல்லி, தட்டில் பாதிச் சோற்றை வைத்துவிட்டு எழுந்து போகும் பிள்ளையைப் பார்த்திருப்பீர்கள். தேர்வுக்குக்கூட இவ்வளவு பயம் இருக்காது. விடைத்தாளை ஓர் ஆசிரியர்தான் பார்ப்பார். இங்கே வகுப்பு முழுவதும் பார்க்கிறது.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் தாவரவியல் படிக்கிறாள். அவளுக்கு வந்த தலைப்பு அலையாத்திக் காடுகள். 10 நிமிடம் பேச வேண்டும். நான்கு பக்கம் எழுதி, உருப்போட்டு, என்னிடம் ஒப்பித்துக் காட்ட வந்தாள். "அலையாத்திக் காடுகள் என்பவை வெப்பமண்டலக் கடலோரங்களில் காணப்படும், உவர்தன்மையைத் தாங்கும்..." என்று தொடங்கினாள். மூன்றாவது வரியில் ஒரு சொல் நழுவியது. அத்தோடு எல்லாம் நின்றது. மறுபடி முதல் வரியிலிருந்து வந்தாள். அதே இடத்தில் மறுபடி நின்றாள். கண் கலங்கிவிட்டது.

தாளை வாங்கி ஓரமாக வைத்தேன். "பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குப் போயிருக்கியாம்மா?" என்று கேட்டேன்.

"போனோம் மாமா. சேத்துக்குள்ளேருந்து பென்சில் பென்சிலா வேர் மேலே வந்து நிக்குது. சேத்துல காத்து கிடையாது, அதனால வேர் வெளியே வந்து மூச்சு வாங்குது. ஒரு மரத்தோட இலையை நாக்குல வெச்சுப் பார்த்தேன், உப்புக் கரிச்சுது. வேண்டாத உப்பை அது இலை வழியா வெளியே தள்ளிடுது."

ஐந்து நிமிடம் தங்குதடையில்லாமல் பேசினாள். வேர் எப்படி நிற்கிறது என்று அவளுடைய விரல்கள் தாமாகவே காட்டின. இதைத்தான் நாளை வகுப்பில் பேசப் போகிறாய் என்றேன். நம்ப மறுத்தாள்.

நம் பிள்ளைகளுக்கு விஷயம் தெரியாமல் இல்லை. நாம் எழுதும் தமிழ் வேறு, பேசும் தமிழ் வேறு. எழுத்துத் தமிழில் கோத்த வாக்கியங்களை நெட்டுருப் போட்டால், ஒரு சொல் அறுந்ததும் மாலை முழுவதும் உதிர்ந்துவிடும். ஆங்கிலத்தில் செமினார் என்றால் இந்தச் சங்கடம் இரண்டு மடங்கு. ஆகவே முழு உரையையும் எழுதி மனப்பாடம் செய்யாதீர்கள். முதல் இரண்டு வாக்கியமும் கடைசி வாக்கியமும் மட்டும் பாடமாக இருக்கட்டும். நடுவில் உள்ளதற்கு, அஞ்சலட்டை அளவுள்ள கெட்டி அட்டையில் ஐந்தாறு சொற்கள் போதும். அந்தப் பெண்ணின் அட்டையில் இருந்தவை: இலை உப்பு, மூச்சு வேர், சேறு, மீன் குஞ்சு, 2004 சுனாமி. கெட்டி அட்டை என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. கை நடுங்கும்போது மெல்லிய தாள் சலசலக்கும். அந்தச் சத்தம் நம் பயத்தை இன்னும் கூட்டும்.

அடுத்தது ஒத்திகை. மனத்துக்குள் ஓட்டிப் பார்ப்பது ஒத்திகை ஆகாது. எழுந்து நின்று, வாய்விட்டு, கைப்பேசியில் நேரம் வைத்துக்கொண்டு பேசிப் பாருங்கள். 10 நிமிடம் கொடுத்தால் 8 நிமிடத்துக்குத் தயார் செய்யுங்கள்; மேடையில் நேரம் எப்படியும் இழுக்கும். மீறினால் நடுவில் ஒரு பகுதியை விடுங்கள், முடிவை அவசரப்படுத்தாதீர்கள்.

திரையில் பிபிடி போடும் பலர், வகுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அதை வரிவரியாகப் படிக்கிறார்கள். திரையில் இருப்பதை எல்லாராலும் படிக்க முடியும். பேசுவதற்கு நீங்கள் எதற்கு? ஒரு படம் போடுங்கள், அதைப் பற்றிப் பேசுங்கள். பவர்பாயிண்டில் படம் ஓடும்போது விசைப்பலகையில் 'B' எழுத்தை அழுத்தினால் திரை கறுப்பாகிவிடும். அப்போது எல்லாக் கண்களும் உங்களிடம் திரும்பும். மறுபடி அழுத்தினால் படம் வந்துவிடும்.

கேள்வி நேரத்தில் விடை தெரியாவிட்டால், "தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். மறுநாள் மறக்காமல் பார்த்துச் சொல்லுங்கள்.

பயம் வருகிறதே என்று வெட்கப்படத் தேவையில்லை. வள்ளுவர் 'அவையஞ்சாமை' என்று தனி அதிகாரமே வைத்தார், அதுவும் அமைச்சருக்கு வேண்டியவற்றைச் சொல்லும் பகுதியில். லண்டனில் சைவ உணவாளர் கூட்டத்தில், எழுதி வைத்திருந்ததைக்கூடப் படிக்க முடியாமல் நின்றவர் காந்தி. அதை வேறொருவர் படித்தார். பம்பாயில் தம் முதல் வழக்கில் குறுக்கு விசாரணைக்கு எழுந்தவர், வாய் எழாமல் உட்கார்ந்துவிட்டார். வாங்கிய 30 ரூபாய் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தார். இதையெல்லாம் 'சத்திய சோதனை'யில் அவரே எழுதியிருக்கிறார். அந்தக் கூச்சம்தான் சொற்களை அளந்து பேசத் தமக்குக் கற்றுக்கொடுத்தது என்றும் சொல்கிறார்.

பக்கத்து வீட்டுப் பெண் மறுநாள் ஓர் இலையோடு தொடங்கினாள். நடுவில் ஒரு முறை நின்றாளாம். அட்டையைப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தாளாம். முன் பெஞ்சில் இருந்த தோழி கவனமாகக் கேட்டுத் தலையசைத்ததுதான் பெரிய தைரியம் என்றாள்.

மாணவர்களே, நாளை உங்கள் வகுப்பில் ஒருவர் நடுங்கிக்கொண்டு எழுந்து நிற்பார். கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள்.