வீட்டுத் தெரு ரேஸ் மைதானமா?

உசிலம்பட்டி தெருமுனைக் கூட்டத்தில் ஆற்றிய உரை 👇



தேனி ரோடு, பேரையூர் ரோடு, வத்தலக்குண்டு ரோடு எல்லாம் வந்து சேர்ற ஊரு நம்ம ஊரு. மெயின் ரோட்டுல நெரிசல்னா பைக்கும் ஆட்டோவும் என்ன பண்ணுது? வீட்டுத் தெருவுக்குள்ள புகுந்து பறக்குது! அந்தத் தெரு வாசல்லதான் நம்ம அப்பத்தா உக்காந்திருக்கு. அங்கதான் நம்ம பிள்ளைக சைக்கிள் பழகுது.

வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்து வண்டி நிற்கும் தூரம் நான்கு மடங்காகிறது. 30 கிலோமீட்டர் வேகத்தில் மோதினால் நடந்து போகிறவர் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார். 50-ல் மோதினால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை.

இதுக்கு நாம என்ன செய்றோம்? ராத்திரியோட ராத்திரியா சிமெண்டைக் கொட்டி ஒரு மேடு போட்டுடுறோம். வெள்ளைக்கோடும் இல்ல, பலகையும் இல்ல. இருட்டுல வர்ற தம்பி தலைகுப்புற விழுறான். ஆட்டோவுல வர்ற கர்ப்பிணிக்கு உயிர் போயி உயிர் வருது. வேகத்தடைக்கு அளவு இருக்குங்க. இந்திய சாலை காங்கிரஸ் சொல்வது 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். வண்டி ஏறி இறங்கணும், ஆளைத் தூக்கி எறியக் கூடாது!

நெதர்லாந்தில் டெல்ஃப்ட் என்ற ஊரில் மரம், பெஞ்சு, வளைவு வைத்து, வண்டிகள் நடை வேகத்தில் போகும்படி வீட்டுத் தெருக்களை மாற்றினார்கள். 1976-ல் அந்நாட்டுச் சட்டமே அதை ஏற்றுக்கொண்டது.

நமக்கும் வழி இருக்கு. தேனி ரோடு தேசிய நெடுஞ்சாலை. ஆனா வீட்டுத் தெரு நகராட்சியோடது. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தில் தமிழ்நாட்டு நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. உங்க வார்டில் அடுத்த கூட்டம் எப்பன்னு கவுன்சிலரைக் கேளுங்க. அதுக்கு முன்னாடி தெருக்காரங்க ஒண்ணா உக்காந்து பேசுங்க. வேகத்தடை எங்க வேணும், விளக்கு எங்க வேணும், எந்த முனையில ஆள் வர்றது தெரியலைன்னு எழுதி, கையெழுத்துப் போட்டு மனுவாக் கொடுங்க.

கடைசியா நம்ம பசங்களுக்கு ஒரு வார்த்தை. கொடி கட்டிக்கிட்டு சைலன்சரை அலற விட்டு வீட்டுத் தெருவுல போறது நாமளுந்தானே? தம்பிகளா, இனி வீட்டுத் தெருவுக்குள்ள ஓட்டுக் கேட்டாலும் சரி, ஊர்வலம் போனாலும் சரி, நடந்தே போவோம். முதல்ல நாம வேகத்தைக் குறைப்போம், அப்புறம் ஊரைக் கேட்போம்!



#உசிலம்பட்டி #நம்மதெரு #பகுதிசபை