திரையில் தெரியும் உடலும் திரைக்குப் பின்னுள்ள மானமும்

(வாசிகசாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



திரைப்படங்களில் நிர்வாணமும் காமக் காட்சிகளும் பெருகிவிட்டன என்ற முறைப்பாடு ஊர்தோறும் கேட்கின்றது. பண்பாடு அழிகின்றதே என்று ஒரு சாரார் பதறுகின்றனர். கலைக்கு விலங்கிடலாகாது என்று மறு சாரார் வாதாடுகின்றனர். இரு சாராரும் படம் பார்ப்பவரைப் பற்றியே பேசுகின்றனர். உடலைக் காட்டும்படி பணிக்கப்பட்ட பெண்ணைப் பற்றிப் பேசுவார் அரியர். அவள் மனமொப்பி நடித்தாளா? இதுவே முதலிற் கேட்கப்பட வேண்டிய கேள்வி என்பது நமது துணிபு.

அமெரிக்கப் படவுலகை எடுத்துக்கொள்வோம். 1930ஆம் ஆண்டில் அங்குள்ள படமுதலாளிகள் தமக்குத்தாமே ஒரு விதிக்கோவையை வகுத்துக்கொண்டனர். 1934 முதல் அது கண்டிப்புடன் நடைமுறைக்கு வந்தது. நிர்வாணம் விலக்கப்பட்டது, காமவெறி காட்டும் முத்தம் விலக்கப்பட்டது, வெள்ளையரும் கறுப்பரும் கூடி வாழ்வதைக் காட்டுவதுகூட விலக்கப்பட்டது. 1968இல் அக்கோவை கைவிடப்பட்டு, வயதுக்கேற்பப் படங்களைத் தரம்பிரிக்கும் முறை வந்தது.

திரை தூய்மையாக இருந்ததாகச் சொல்லப்படும் அக்காலத்தில் நடிகையர் நிலை யாது? நீண்டகால ஒப்பந்தங்களால் அவர்கள் கட்டுண்டு கிடந்தனர். கொடுத்த வேடத்தை மறுத்தால் சம்பளம் நிறுத்தப்படும். நிறுத்தப்பட்ட காலமும் ஒப்பந்தக் காலத்தோடு கூட்டப்படும். கடன்பட்ட கமக்காரனின் வட்டிக் கணக்கைப் போல அதற்கு முடிவே இராது. ஒலிவியா டி ஹவிலண்ட் என்னும் நடிகை நீதிமன்றம் ஏறி, 1944இல் வெற்றி பெற்ற பின்னரே அந்தக் கட்டு அறுந்தது. பார்ப்போரின் ஒழுக்கத்தைக் காக்க எழுந்த விதிக்கோவை, நடிப்போரின் உரிமையைக் காக்க ஒரு விரலையும் அசைக்கவில்லை.

விதிக்கோவை போன பின்னர் வந்த சுதந்திரமாவது அவர்களைக் காத்ததா? 1972இல் வெளிவந்த 'பரிஸில் கடைசி டாங்கோ' என்ற படத்தின் கதையைக் கேளுங்கள். நெறியாளர் இத்தாலியரான பேர்ட்டொலூச்சி. நாயகன் உலகப்புகழ் பெற்ற மார்லன் பிராண்டோ. வயது ஐம்பதை அணுகிக்கொண்டிருந்தது. நாயகி மரியா ஷ்னைடர். படப்பிடிப்பின்போது வயது பத்தொன்பது. படத்தில் ஒரு வன்புணர்ச்சிக் காட்சி உண்டு. அதிலே செய்யவிருந்த இழிசெயல் ஒன்றை நெறியாளரும் பிராண்டோவும் அன்று காலையிலே தமக்குள் தீர்மானித்துக்கொண்டனர். அந்தப் பெண்ணுக்கு அதனைச் சொல்லவில்லை. அவள் நடிக்கக் கூடாது, உண்மையாகவே அவமானத்தை உணரவேண்டும் என்று தாம் விரும்பியதாக நெறியாளரே 2013இல் வெளிப்படையாகக் கூறினார்.

காட்சி பாவனையே, ஆனால் தாம் சிந்திய கண்ணீர் உண்மையானது என்று மரியா 2007இல் ஒரு செவ்வியில் கூறியிருந்தார். அன்று அச்சொல்லைப் பொருட்படுத்தியோர் சிலரே. 2011இல் அவர் காலமானார். நெறியாளரின் வாக்குமூலம் 2016இல் மீண்டும் பரவிய பின்னரே உலகம் கொதித்தெழுந்தது. பாதிக்கப்பட்டவள் சொன்னபோது கேளாத காது, செய்தவர் சொன்னபோது கேட்டது!

இத்தாலிய நீதிமன்றம் வாளாவிருக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 1976இல் அப்படத்தின் பிரதிகளை அழிக்குமாறு அது கட்டளையிட்டது. நெறியாளரின் வாக்குரிமையை ஐந்தாண்டுகளுக்குப் பறித்தது. எதற்காக? படம் ஆபாசமானது என்பதற்காக. மரியாவுக்கு இழைத்த அநீதிக்காக அன்று. 1987இல் தடை நீங்கிப் படம் மீண்டும் திரைக்கு வந்தது. தடைசெய்தவரும் தடைநீக்கியவரும் அவளுக்கு நேர்ந்த அநீதியை எண்ணவில்லை.

நமது படமாளிகைகளுக்குப் படம் அனுப்பும் இந்தியாவிலும் இதே குறை உண்டு. 'கொள்ளைக்காரி' பூலான் தேவியின் வரலாற்றைக் கூறும் 'பண்டிட் குயின்' படத்தின் நிர்வாணக் காட்சி பற்றிய வழக்கில், அது காமத்தைத் தூண்டுவதற்கன்றிக் கொடுமையை உணர்த்துவதற்கே காட்டப்பட்டது என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. நிர்வாணமெல்லாம் ஆபாசமன்று என்ற அத்தீர்ப்பை நாமும் ஏற்கின்றோம். ஆனால் உயிரோடிருந்த பூலான் தேவியே, தமக்கு நேர்ந்த கொடுமையைத் தம் இசைவின்றிப் படமாக்கினர் என்று 1994இல் டில்லி உயர் நீதிமன்றத்தை நாடியிருந்தார். அந்த வழக்கு பின்னர் பணம் கொடுத்து இணக்கத்தில் முடிந்தது.

தமிழ்ப் படங்களையும் சொல்லாமல் விடலாகாது. நெடுங்காலம் முத்தத்துக்கு அஞ்சிய திரை அது. ஆனால் மழையில் நனைந்த சேலையையும் இடையையும் கமரா மேய்வதற்கு அஞ்சவில்லை. மறைத்துக் காட்டுவது பண்பாடு என்றும், திறந்து காட்டுவது ஆபாசம் என்றும் கணக்குப் போடுவோர், மழையிலே நடுங்கி நின்றவளைக் கேட்டதுண்டா?

நோய்க்கு மருந்து இல்லாமலில்லை. 2017இல் ஹொலிவூட் நடிகையர் தாம் பட்ட கொடுமைகளைப் பகிரங்கப்படுத்தினர். அடுத்த ஆண்டிலேயே ஒரு பெரிய அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனம், நெருக்கமான காட்சிகளுக்கென ஓர் ஒருங்கிணைப்பாளரை அமர்த்தத் தொடங்கியது. 2020இல் நடிகர் தொழிற்சங்கம் அதற்கான நெறிகளை வெளியிட்டது. எதைக் காட்டுவது, எதைத் தொடுவது என்பதெல்லாம் முன்னரே எழுத்தில் இருக்கவேண்டும். தேவையற்றோர் படப்பிடிப்பிடத்தில் நிற்கலாகாது. சொன்னதற்கு மேல் ஒன்றைக் கேட்பதாயின் புதிதாகச் சம்மதம் பெறவேண்டும்.

இதிலே புதுமை என்ன? சத்திரசிகிச்சைக்கு முன் வைத்தியர் நோயாளியின் கையொப்பம் பெறுகின்றார். அருவி வெட்ட வந்த கூலியாளிடம் பேசிய வேலைக்கு மேல் வாங்குதல் அநியாயம் என்று கமக்காரர் அறிவர். வைத்தியசாலையிலும் வயலிலும் உள்ள நீதி படப்பிடிப்புக் கூடத்தில் மட்டும் ஏன் இருத்தலாகாது?

கேரளத்திலே படவுலகப் பெண்களின் துயரை ஆராய 2017இல் நீதியரசர் ஹேமா தலைமையில் குழு அமைந்தது. 2019இல் அதன் அறிக்கை அரசிடம் கையளிக்கப்பட்டது. மக்கள் கைக்கு அது வந்தது 2024இல்! உண்மை பெட்டிக்குள் உறங்கிய அந்த ஆண்டுகளில் எத்தனை படங்கள் தணிக்கைச் சான்றிதழ் பெற்று ஓடின!

சிறுவர் பார்க்கத் தகாத படத்தைச் சிறுவரிடமிருந்து விலக்கத் தரம்பிரித்தல் வேண்டும். அதனை நாம் மறுக்கவில்லை. ஆயின் கத்தரிக்கோல் படச்சுருளையே வெட்டும், அநீதியை வெட்டாது. எவ்வளவு உடல் தெரிகின்றது என்று அளப்பதை விடுத்து, எவருடைய சம்மதத்தோடு தெரிகின்றது என்று கேட்கப் பழகுவோம். பணம் கொடுத்துப் படம் பார்க்கும் நாம் அதனைக் கேட்டால், படமெடுப்போர் விடை சொல்லியே ஆகவேண்டும்.