கை வேலையாக இருக்கும் நேரத்தில்

அடுப்பில் குக்கர், வாசலில் சிலிண்டர்காரர், தவழும் பிள்ளையோ குளியலறைப் பக்கம் போகிறது. அந்தப் பத்து நிமிடத்துக்கு உதவுவதுதான் ப்ளேபென், அதாவது நாலு பக்கமும் வலையோ கம்பியோ அடைத்த தடுப்பு.

"பிள்ளையைக் கூண்டில் அடைப்பதா?" என்று வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் பங்களாதேஷ் கிராமங்களில், குழந்தைகள் குளத்தில் மூழ்குவதைத் தடுக்க இதே தடுப்பை வீடுவீடாகக் கொடுத்துப் பார்த்தார்கள். அம்மா வேலையில் மூழ்கியிருக்கும் முற்பகல்தான் அங்கே ஆபத்தான நேரம். நம் வீட்டில் குளம் இல்லை, ஆனால் பாதி நிரம்பிய வாளி இருக்கிறது. தலை கனக்கும் வயது அது. எட்டிப் பார்த்துக் குப்புற விழுந்தால் பிள்ளையால் நிமிர முடியாது, சத்தம்கூட வராது. அதனால் இதில் எனக்குத் தயக்கமே இல்லை, வாங்குங்கள். ஆனால் பார்த்து வாங்குங்கள்.

கடையில் நிறத்தையும் தொங்கும் பொம்மைகளையும் விட்டுவிட்டு, முதலில் மேல்விளிம்பைப் பிடித்து நன்றாக அழுத்துங்கள். மடக்கும் வகையில் உயிரே அந்த விளிம்பின் பூட்டில்தான் இருக்கிறது. 1998இல் அமெரிக்காவின் சிகாகோவில், குழந்தைகள் காப்பகம் ஒன்றில் டேனி கீசர் என்ற 16 மாதக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்த மடக்குத் தொட்டிலின் மேல்விளிம்பு மடங்கி, கழுத்து அதில் சிக்கி இறந்துபோனது. அந்தத் தொட்டிலை 1993இலேயே திரும்பப் பெறச் சொல்லி அறிவித்திருந்தார்கள். காப்பகத்துக்கு அது தெரியாது. பெற்றோர் விடாமல் போராடினார்கள். 2008இல் அமெரிக்கா இயற்றிய சட்டத்தின் ஒரு பகுதிக்கு அந்தக் குழந்தையின் பெயரையே வைத்தார்கள். தெரிந்தவர் வீட்டுப் பழைய ப்ளேபென் கைக்கு வந்தால், நாலு பக்கப் பூட்டும் 'டக்'கென்று விழுகிறதா என்று பார்க்காமல் பிள்ளையை உள்ளே விடாதீர்கள்.

வலைக்கண் சட்டைப் பொத்தான் நுழையாத அளவு சின்னதாக இருக்கட்டும். கம்பி வகையென்றால் இடைவெளி 6 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் உடம்பு நழுவி வெளியே வந்துவிடும், தலை மாட்டிக்கொள்ளும்.

பாசத்தில் நாம் செய்கிற காரியம் ஒன்று உண்டு. அடியில் இருக்கும் மெத்தை மெலிசாக இருக்கிறதே என்று மேலே இலவம்பஞ்சு மெத்தை, தலையணை, பாட்டியின் நூல்புடவை என்று அடுக்குவோம். புது மெத்தைக்கும் வலைக்கும் நடுவே உண்டாகும் சந்தில் பிள்ளை முகம் புதைத்தால் மூச்சு முட்டிவிடும். மெலிசான மெத்தைதான் சரி. கண்ணேறுக்குக் கழுத்தில் கட்டிய கறுப்புக் கயிறு ஏதாவது முனையில் மாட்டி இறுக்கலாம். உள்ளே விடும்போது அதைக் கழற்றிவிடுங்கள். ஜன்னல் திரைக் கயிறும் அயர்ன் பாக்ஸ் வயரும் கைக்கு எட்டாத இடமாகப் பார்த்து வையுங்கள்.

நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து பிள்ளையின் முகம் தெரிய வேண்டும். கை ஓய்ந்ததும் தூக்கிவிடுங்கள். தவழவும் விழுந்து எழவும் அதற்கு வீடு முழுவதும் வேண்டும்.

பெட்டியில் போட்டிருக்கும் எடை வரம்பை எட்டிவிட்டாலோ, பெரிய பொம்மைமேல் ஏறி விளிம்பில் கால் போடத் தொடங்கிவிட்டாலோ, அன்றே மடித்துப் பரணில் ஏற்றிவிடுங்கள்.